ஆட்டோ, வேன், மினி பஸ்: வாடகை வண்டிக்கு அனுமதி தருவது யார்?

நெல்லை ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால் நாலைந்து வகை வண்டிகள் ஒரே பார்வையில் தெரியும். வாசலில் ஆட்டோக்கள், சற்றுத் தள்ளி மஞ்சள் நம்பர் பலகை வைத்த கார்கள், பயணிகளைக் கூவி அழைக்கும் டவுன் பஸ், போனில் புக் பண்ணியவருக்காகக் காத்திருக்கும் செயலி டாக்ஸி, கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த வேன். எல்லாமே காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிற வண்டிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஓடுவது வெவ்வேறு அனுமதியில். எது எங்கே நிற்கலாம், யாரை ஏற்றலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தைப் பயணிகள் படிப்பதில்லை. அதனால்தான் ஆட்டோக்காரர் மேல் உள்ள புகாரை மாநகராட்சியிலும், ஸ்டாண்டு பற்றிய புகாரை ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு இடத்திலும் "இது எங்க வேலை இல்ல" என்ற பதிலோடு திரும்புகிறோம்.

முதலில் அடிப்படை. சொந்தக் கார் வைத்திருக்க ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், லைசென்ஸ் போதும். அதே காரில் காசுக்கு ஆள் ஏற்ற வேண்டுமானால் இன்னொன்றும் வேண்டும்: பர்மிட். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. பர்மிட் என்பது அரசு நிபந்தனைகளோடு தரும் அனுமதி. எத்தனை பேரை ஏற்றலாம், எந்த எல்லைக்குள் ஓடலாம், எந்த வகையில் கட்டணம் வாங்கலாம் என்று அதில் இருக்கும். நிபந்தனையை மீறினால் அனுமதியை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

பர்மிட் உள்ள வண்டியை அடையாளம் காண்பது எளிது. நம்பர் பலகை மஞ்சள், எழுத்து கறுப்பு. நம்ம பக்கம் இதை டி போர்டு என்பார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டி. மின்சார வண்டிக்குப் பலகை பச்சை. அதில் எழுத்து மஞ்சளாக இருந்தால் வாடகை வண்டி, வெள்ளையாக இருந்தால் சொந்த வண்டி. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுக்கும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. எண்ணின் தொடக்கத்தில் டி.என். 72 இருந்தால் திருநெல்வேலியில் பதிவானது, 76 என்றால் தென்காசி.

"நம்ம பய கார்தானே, ஆயிரம் ரூவா குறைச்சு வாங்குவான்" என்று ஓன் போர்டு வண்டியைப் பேசி எடுப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் விபத்து என்று வந்தால் அந்த ஆயிரம் ரூபாய் மிச்சம் மிகப் பெரிய சுமையாக மாறும். சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவது விலக்கப்பட்டிருக்கும். பர்மிட் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை ஓட்டுவது அடிப்படையான விதிமீறல் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை முதலில் கட்டிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. தெரிந்த பையன் என்று வண்டி எடுத்தோமே, அந்தப் பையன் வீடு வாசலை விற்க நேரும். பர்மிட் இல்லாமல் ஓட்டி முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

மொத்தமாகப் பேசுவதும் சீட்டுக்குச் சீட்டு வாங்குவதும்

பர்மிட்டில் இரண்டு பெரிய வகை உண்டு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போவதை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் கோவையிலும் பிழைக்கப் போனவர்கள்கூட அன்றைக்குக் குலதெய்வத்தைத் தேடி வந்துவிடுவார்கள். சித்தப்பா வீடு, அத்தை வீடு என எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசுவார்கள். பாளையங்கோட்டையில் ஏறி, கோயிலில் இறங்கி, பொங்கல் வைத்து, சாயந்திரம் திரும்ப வேண்டும். வண்டி முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு. வாடகை மொத்தமாக ஒரு தொகை. இதுதான் ஒப்பந்த ஊர்தி. ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருந்தாலும் ஒப்பந்தமே. இந்த வகை வண்டி வழியில் நிறுத்தி, பேச்சில் இல்லாத வெளியாளை ஏற்றக் கூடாது, இறக்கவும் கூடாது. சேரன்மகாதேவியில் கைகாட்டும் நாலு பேரை டிரைவர் ஏற்றினால், "ஆளுக்கு இருவது ரூவாதானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். அங்கே மீறப்படுவது பர்மிட்.

அதே கோயிலுக்குப் பஸ்ஸில் போகிறவர் தன் ஒருவருக்கு மட்டும் டிக்கெட் எடுக்கிறார். பக்கத்து சீட்டில் யார் உட்காருவார் என்பது அவர் கையில் இல்லை. குறித்த தடம், குறித்த நிறுத்தம், குறித்த நேரம், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கட்டணம். டிரைவர் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றி, தலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வாங்குகிற வண்டி இந்த வகை. தனியார் டவுன் பஸ், மினி பஸ், அரசு பஸ் எல்லாம் இதில் அடங்கும். ரூட் பர்மிட் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஏன் இரண்டாகப் பிரித்தார்கள்? குறித்த தடத்தில் ஓடும் பஸ்ஸுக்குக் கடமை உண்டு. கூட்டம் இல்லாத மத்தியானத்திலும் அது ஓட வேண்டும், காலி சீட்டோடு கடைசி ஊர் வரை போக வேண்டும். காலை எட்டு மணிக் கூட்டத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போக இன்னொரு வண்டியை அனுமதித்தால், மத்தியான டிரிப் கட்டுபடியாகாமல் நின்றுவிடும். முக்கூடலிலோ மூலைக்கரைப்பட்டியிலோ பஸ்ஸை நம்பி இருக்கும் வயசாளிக்குத்தான் அதன் வலி தெரியும்.

அளவுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிரைவர் தவிர 6 பேர் வரை ஏற்றுவது மோட்டார் கேப். டாக்ஸி கார்கள் இதில் வரும். 6-க்கு மேல் 12 பேர் வரை என்றால் மேக்ஸி கேப். நாம் வேன் என்பதில் பலவும் இதுதான். மோட்டார் கேப்பில் ஏறியவர்கள் வாடகையைத் தலைக்குத் தனித்தனியாகக் கொடுத்தாலும் அது ஒப்பந்த ஊர்திதான் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஷேர் போட்டுப் போனாலே குற்றம் என்று நினைக்க வேண்டாம். பர்மிட்டில் எழுதியதைவிட அதிகம் பேரை அடைப்பதுதான் குற்றம். கூடுதலாக ஏறும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கிலாந்தில் டாக்ஸிக்கு உரிமம் தருவது அந்தந்த ஊர் கவுன்சில். குதிரை வண்டிக் காலத்தில், 1847-இல் வந்த சட்டமும் 1976-இல் வந்த சட்டமும் இந்த அதிகாரத்தை உள்ளாட்சியிடம் வைத்தன. லண்டனுக்கு மட்டும் தனி ஏற்பாடு. தெருவில் கைகாட்டினால் நிற்கும் டாக்ஸிக்கு ஒரு விதி, முன்பதிவு செய்தால் மட்டும் வரும் வண்டிக்கு வேறொரு விதி, இரண்டையும் கண்காணிப்பது ஊர் கவுன்சில்.

நம்மிடம் அமைப்பு வேறு. இயந்திர வண்டிகள் பற்றிய அதிகாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில், மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சேர்ந்தே இருக்கிறது. சட்டம் டெல்லியில் உருவாகிறது. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் சென்னையில் உருவாகின்றன. மாவட்டத்தில் அதை நடத்தும் அமைப்பு வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் அந்த ஆணையப் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகம் அதன் அன்றாட வேலையைப் பார்க்கிறது. ஆக, வண்டி ஓடலாமா, எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் என்ற கேள்விகளுக்குப் பதில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இருக்கிறது. அந்த முடிவு பிடிக்காத பர்மிட்காரர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

அப்படியானால் மாநகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் என்ன வேலை? வண்டியின் அனுமதி அவர்களிடம் இல்லை, வண்டி நிற்கும் தரை அவர்களிடம் இருக்கிறது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த 12-ஆவது அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கான வேலைகளில் வாகன நிறுத்துமிடங்களையும் பஸ் நிறுத்தங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பஸ் நிலையம் கட்டுவது, நிழற்குடை போடுவது, கழிப்பறை வைப்பது, நடைபாதைக் கடையை அகற்றுவது எல்லாம் மாநகராட்சி வேலை.

ஸ்டாண்டு பற்றிய விதி மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவில் இருக்கிறது. வாடகை வண்டிகள் எங்கே நின்று காத்திருக்கலாம் என்பதை மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்தவரோ முடிவு செய்யலாம்; அந்தப் பகுதி உள்ளாட்சியைக் கலந்துகொள்ள வேண்டும். உள்ளாட்சிக்குக் குரல் இருக்கிறது, கடைசிக் கையெழுத்து வேறிடத்தில். இந்தக் குரலை நம் கவுன்சிலர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசல் போன்ற இடங்களில் எத்தனை ஆட்டோ நிற்க இடம் உண்டு, பஸ் எங்கே நிற்க வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த வழியில் வர வேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி ஆட்சியருக்கு அனுப்பலாம்.

ஆட்டோ ஸ்டாண்டுகளில் சங்கப் பலகை இருக்கும். வரிசை போட்டு, சண்டை வராமல் நடத்துவது சங்கம்தான். அதில் நல்லது நிறைய உண்டு. ராத்திரி பிரசவ வலியோடு வரும் பெண்ணை வரிசை பார்க்காமல் ஏற்றி அனுப்புகிற ஸ்டாண்டுகள் நம் ஊரில் இருக்கின்றன. ஆனால் பொதுத் தெருவில் பலகை நடுவதால் அந்த இடம் சங்கத்துக்குச் சொந்தமாகிவிடாது. வெளி ஆட்டோ அந்தப் பக்கம் பயணியை ஏற்றக் கூடாது என்று தடுக்க பர்மிட்டில் எந்த உரிமையும் இல்லை. ரயில் நிலைய வளாகம் மட்டும் ரயில்வே இடம்; அங்கே எந்த வண்டி நிற்கலாம் என்பது ரயில்வேயின் ஏற்பாடு.

மூன்றாவது கை போலீஸ். சாலையில் இந்த நேரம் நடப்பதை ஒழுங்குபடுத்துவது மாநகரப் போக்குவரத்துக் காவல். ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் ரத வீதிகளுக்குள் வண்டி விடாமல் திருப்பிவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் காலத் தடைக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு. பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் வண்டிகளைத் தடுக்கலாம். தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, ஊரறிய அறிவித்தால் போதும். ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் செல்லும் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசு பஸ்களில் அனுப்பும் ஏற்பாடு சமீப ஆண்டுகளில் நடக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில், ஒற்றை மலைப்பாதை, லட்சக்கணக்கில் கூட்டம். வருவாய்த் துறை, காவல் துறை, வனத் துறை, போக்குவரத்துக் கழகம் எல்லாம் உட்கார்ந்து பேசித்தான் இதை நடத்த முடியும்.

வாடகை எவ்வளவு?

"ஹைகிரவுண்டுக்கு வாரியளா அண்ணாச்சி?"

"எரநூறு குடுங்க தாயி."

"நேத்து நூத்தம்பதுக்குத்தானே வந்தேன்?"

இந்தப் பேரம் தினம் நடப்பது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் 67-ஆம் பிரிவின்படி மாநில அரசுக்கு இருக்கிறது. மோட்டார் கேப் பர்மிட்டில் இவ்வளவுதான் வாங்க வேண்டும், கட்டண அட்டையை வண்டிக்குள் வைக்க வேண்டும், விதி கேட்டால் மீட்டர் பொருத்தி அதைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட 74-ஆம் பிரிவு இடம் தருகிறது. சென்னையில் 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அதன் பிறகு பெட்ரோல், கேஸ், எஃப்.சி. செலவு, இன்சூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. பல ஆண்டு பழைய கட்டணத்தை வைத்துக்கொண்டு மீட்டர் போடு என்றால் எந்த ஆட்டோக்காரராலும் முடியாது. நியாயமான வாடகையைக் காலத்துக்குக் காலம் திருத்தி அறிவிக்க வேண்டும்; அறிவித்த பிறகு கண்டிப்போடு நடத்த வேண்டும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைக் கேட்பது ஓட்டுநருக்குச் செய்யும் அநியாயம், இரண்டையும் செய்யாமல் விடுவது பயணிக்குச் செய்யும் அநியாயம்.

செயலி டாக்ஸிகளுக்கு வேறு வழி. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது, பயணியையும் ஓட்டுநரையும் சேர்த்துவைக்கும் நிறுவனங்களும் உரிமம் பெற வேண்டும் என்றார்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம், சொந்த வண்டியோடு ஓட்டுநர் சேர்ந்திருந்தால் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் அவருக்குப் போக வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அடிப்படைக் கட்டணத்தை அறிவிப்பது மாநில அரசின் வேலை.

ஊர்ப்பக்கத்துக் கதை

நகரத்தை விட்டுப் பத்துக் கிலோமீட்டர் போனால் பிரச்சினை வேறு. அங்கே அதிக வாடகையைப் பற்றிப் பேச ஆளில்லை. வண்டியே இல்லை என்பதுதான் பேச்சு. இதற்காகத்தான் 1997-இல் தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டம் வந்தது. பெரிய பஸ் போகாத ஊர்களைப் பக்கத்துப் பஸ் நிலையத்தோடு இணைக்க, தனியாருக்குச் சிறிய பஸ் பர்மிட் கொடுத்தார்கள். புதிய விரிவான மினி பஸ் திட்டம் 2025 ஜூனில் தொடங்கியது. தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு உள்ள கட்டணமில்லாப் பயணம் தனியார் மினி பஸ்ஸில் கிடையாது. மினி பஸ் மட்டுமே வரும் ஊர்ப் பெண்கள் தினமும் காசு கொடுத்துத்தான் போகிறார்கள். திட்டம் வகுப்பவர்கள் மனதில் இது உறுத்த வேண்டும்.

வண்டி இல்லாத இடத்தில் லோடு ஆட்டோ வருகிறது. நாற்று நடவுக்கும், கட்டிட வேலைக்கும், துக்க வீட்டுக்கும் பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள். சரக்கு வண்டிக்கு ஆள் ஏற்றும் பர்மிட் கிடையாது. சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்கு இழப்பீடு தரும் கடமை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரும் அவருடைய ஆளும் மட்டுமே விதிவிலக்கு. கவிழ்ந்தால் அந்தக் கூலிக் குடும்பத்துக்கு வண்டிக்காரரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. தயவுசெய்து உங்கள் வயல் வேலைக்கு வருகிறவர்களை அதில் ஏற்றி அனுப்பாதீர்கள். ஒரு வேன் வாடகையை நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கொடுக்கலாம்.

புகாரும் மனுவும்

அதிக வாடகை, வர மறுப்பது, அளவுக்கு மீறிய கூட்டம், டிரிப் வெட்டுவது ஆகியவை பர்மிட் சம்பந்தப்பட்டவை. வண்டி எண், தேதி, நேரம், ஏறிய இடம் நான்கையும் எழுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். நிபந்தனையை மீறிய பர்மிட்டை 86-ஆம் பிரிவின்படி நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். நிறுத்திவைப்பதற்குப் பதிலாக ஒரு தொகையைக் கட்டச் சொல்லவும் இடமுண்டு. நிழற்குடை, ஸ்டாண்டு இடம், ஆக்கிரமிப்பு என்றால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. சாலையை இப்போது அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டிக்குப் போக்குவரத்து போலீஸ்.

பஸ் வேண்டும் என்று கேட்கக் கிராம சபை நல்ல இடம். குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. பஞ்சாயத்தால் பர்மிட் தர முடியாது. ஆனால் எத்தனை குடும்பம் இருக்கிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எந்தச் சாலையில் பஸ் திரும்ப இடம் இருக்கிறது என்று விவரத்தோடு போடும் தீர்மானத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கனம் உண்டு. "பஸ் விடுக" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே பர்மிட் வாங்கிய மினி பஸ் உங்கள் ஊருக்குச் சாயந்திரம் வருவதே இல்லையென்றால், முதலில் அந்தப் பர்மிட்டில் உள்ள நேர அட்டவணையைக் கையில் வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தடத்தின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை நடை, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வர வேண்டிய நேரம், கட்டண விவரம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். அது வந்ததும் ஊர் டீக்கடையில் ஒட்டிவையுங்கள். ஏழரை மணி டிரிப் என்று அதில் இருந்து, பஸ் ஆறு மணியோடு நின்றால், எந்தெந்தத் தேதியில் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து, அந்த நகலோடு சேர்த்துப் புகார் கொடுங்கள்.